விடுமுறைக்கு வந்தவர்கள்

நத்தார் எங்கள் பெருநாள் அல்ல. பாலமுனையில் அன்று விடியற்காலையில் கேட்பது சுபஹ் பாங்கும் மாரிக் கடலின் இரைச்சலும்தான். ஆனால் நத்தாரை ஒட்டி வரும் விடுமுறையில் எங்களுக்கும் பங்குண்டு. மூன்றாம் தவணை முடிந்து பாடசாலைக் கதவு பூட்டியதும் பிள்ளைகளின் உடுப்பு பைக்குள் போய்விடும். முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தனி நாட்காட்டி இருக்கிறது, நோன்புக்கென்று விடுமுறையும் இருக்கிறது. ஆனால் நோன்பு காலத்தில் வெளியூரில் நாள்கணக்காகத் தங்க இங்கு யாரும் விரும்புவதில்லை. நோன்பும் தராவீஹும் தன் ஊரில், தன் பள்ளிவாசலில் இருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போய்ப் படுத்தெழும்ப எங்களுக்கு வாய்த்தது, எங்களுடைய எந்தப் பெருநாளும் பெரும்பாலும் வந்து விழாத இந்த டிசம்பர். சந்திர மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதால் எப்போதாவது இரண்டும் சந்தித்துக்கொள்ளும். 2000ஆம் ஆண்டில் நத்தார் வந்த அதே வாரத்தில் நோன்புப் பெருநாளும் வந்தது. 2030இல் ஒரே ஆண்டுக்குள் நோன்பு இரண்டு தடவை தொடங்கும், இரண்டாவது டிசம்பர் கடைசி வாரத்தில். அப்படிப்பட்ட ஆண்டுகளில் நாங்கள் வீட்டில் இருப்போம். மற்ற ஆண்டுகளில் போவோம். அந்தப் போக்கைப் பற்றித்தான் எனக்குள் பல காலமாக ஒரு சஞ்சலம். பயணத்தைப் பற்றிய அச்சம் என்று முதலில் எண்ணியிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதன் தன் வீட்டில் இல்லாத நாளில் அவன் எந்த ஊர்க்காரன், அவனை யார் கணக்கில் எடுப்பார்கள் என்ற கேள்விதான் உள்ளே கிடந்து அரிக்கிறது.

கிழக்குக் கரையில் இந்தக் கேள்வி ஆண்களுக்குச் சின்ன வயதிலேயே தொடங்கிவிடுகிறது. இங்கு வீடு பெண்பிள்ளைக்கு. வாப்பாவும் காக்காமாரும் உழைத்துக் கட்டிய வீட்டை மூத்த ராத்தாவுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அடுத்த வளவில் இன்னொரு வீட்டுக்கு அத்திவாரம் போடுவார்கள், இளைய மகளுக்காக. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போவான். குடி தாய்வழியில் வருகிறது. அக்கரைப்பற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். இந்த வழமை முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் பொதுவாக இருப்பதையும் அவர் காட்டியிருக்கிறார். நான் சாய்ந்தமருதில் பிறந்து பாலமுனைக்கு மாப்பிள்ளையாக வந்தவன். என் பிள்ளைகள் பாலமுனைப் பிள்ளைகள். தமிழ்நாட்டில் விடுமுறை வந்தால் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போவாள். இங்கே அவள் இருப்பதே தாய்வீட்டில். ஆகவே விடுமுறைக்குப் பிள்ளைகள் போவது வாப்பாவின் ஊருக்கு. கூட்டிக்கொண்டு போகிறவன், அந்த ஊரில் தனக்கென்று ஒரு அறையும் இல்லாத ஆண். உம்மாவின் வீடு என்று நான் சொல்வது இப்போது தங்கச்சியின் வீடு. நான் படுத்த திண்ணையில் மச்சானின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை; அதுதான் முறை. ஆனாலும் ஒழுங்கைக்குள் திரும்பும்போது பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டி, "எப்ப மனே வந்த, எத்தின நாளைக்கி?" என்று கேட்பார். பிறந்த ஒழுங்கையில் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரை மணித்தியாலப் பயணம்தான். ஒலுவில், களியோடைப் பாலம், அட்டப்பள்ளம், நிந்தவூர், காரைதீவு என்று ஒரே நேர்வீதி. மாரிக்காலம் என்பதால் மேற்கே பெரும்போக வயல் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகக் கிடக்கும், கிழக்கே கடல் கலங்கி மண்நிறமாக அடிக்கும். தோணிகள் மேலே இழுத்து வைக்கப்பட்டிருக்கும். மீன் விலை ஏறிய காலம் இது. விருந்துக்கு வந்தவர்களுக்கு ஆணம் ஆக்க வேண்டியவர்களுக்கு அது தெரியும். கிணறு வாய்மட்டம் வரை நிறைந்து, கையால் குனிந்தே மொள்ளலாம். பாய் ஈரவாடை அடிக்கும். இரவில் தவளைச் சத்தத்தில் பேச்சு கேட்காது. இந்தப் பகுதியில் இதே பருவத்தில்தான், 2024 நவம்பர் 26இல், வெள்ளம் காரணமாக மதரசா விடுமுறை விட்டு, நிந்தவூரிலிருந்து சம்மாந்துறையிலுள்ள தங்கள் வீடுகளுக்கு உழவு இயந்திரப் பெட்டியில் போய்க்கொண்டிருந்த மாணவர்கள், காரைதீவு மாவடிப்பள்ளிப் பக்கம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். வீட்டுக்குப் போகும் வழி அது. ஊரே அழுதது. அதைப் பற்றி இங்கு மேலும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

விருந்துக்கு மார்க்கம் அளவு வைத்திருக்கிறது. விருந்தோம்பல் மூன்று நாள், அதற்கு மேல் கொடுப்பது தருமம் என்பது ஹதீஸ். ஷாபி மத்ஹபில், போன இடத்தில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நாலு நாள் தங்க எண்ணிவிட்டால் ஒருவன் பயணி அல்லாதவனாகிவிடுகிறான். தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகை அவனுக்கு இல்லை. என் பயணம் பயணமென்று கணக்கிட வேண்டிய தூரமில்லை, ஆகையால் சட்டம் என்னைத் தொடாது. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் இருக்கும் அறிவை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஒருவன் எவ்வளவு நாள் இருந்தால் அந்த இடத்து ஆளாகிறான் என்று நூற்றாண்டுகளுக்கு முன்பே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அவர்கள் எண்ணத்தை எண்ணினார்கள், பதிவேட்டைப் பார்க்கவில்லை. தங்க வேண்டும் என்று மனதில் நினைத்த கணத்திலேயே அவன் முகீம், அந்த ஊரில் இருப்பவன். உம்மா இதை வேறு விதமாகச் சொல்வார். மூன்றாம் நாள் நான் பையைத் தூக்கும்போது, "நீ இஞ்ச விருந்தாளி இல்ல மனே, நிண்டுட்டுப் போ" என்பார். உம்மா சொல்வது மனதுக்கு இதமாக இருக்கும். ஆனால் தங்கச்சியின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன், ஏனென்றால் சோறு அவளுடைய அடுப்பில் வேகிறது.

நத்தாரின் மூலக்கதையே வீட்டுக்கு வெளியே நடந்த பிறப்பு என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் உறைத்தது. கல்முனையில் கார்மேல் பற்றிமாவிலும் உவெஸ்லியிலும் படித்தவர்களுக்கு மாட்டுத்தொழுவமும் வைக்கோலும் கண்பழகியவை. லூக்காவின் நற்செய்தி அதற்கு ஒரு காரணத்தையும் தருகிறது. பேரரசன் அகுஸ்து குடிமதிப்புக்கு ஆணையிடுகிறான். ஒவ்வொருவனும் தன் தன் ஊரில் போய்ப் பதிய வேண்டும். யோசேப்பு நாசரேத்தை விட்டுத் தன் முன்னோரின் ஊரான பெத்லகேமுக்குக் கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு போகிறார். தந்தைவழி ஊரில், பதிவுக்காகப் போன இடத்தில், சத்திரத்தில் இடமில்லாமல் பிள்ளை பிறக்கிறது. குர்ஆனின் பத்தொன்பதாம் அத்தியாயம் மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பெயரையே கொண்டது. அங்கே யோசேப்பும் இல்லை, குடிமதிப்பும் இல்லை, தொழுவமும் இல்லை. அவர் தன்னந்தனியே தூரமான ஓர் இடத்துக்கு ஒதுங்கிப் போகிறார். பிரசவ வேதனை அவரை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. செத்து மறக்கப்பட்டிருக்கக்கூடாதா என்று ஏங்குகிறார். மரத்தை உலுக்கினால் பழம் விழும், காலடியில் ஊற்று ஓடும் என்று ஆறுதல் வருகிறது. பிறகு பிள்ளையைச் சுமந்துகொண்டு தன் சனத்திடம் திரும்புகிறார், அவர்கள் கேள்வி கேட்கிறார்கள். இரண்டு கதைகளையும் ஒன்றாக்க நான் முயலவில்லை. அவை வேறு வேறு, அப்படியே இருக்கட்டும். ஆனால் இரண்டிலும் ஒரு தாய் தன் வீட்டில் இல்லை. ஒன்றில் அவரை வெளியே கொண்டுவந்தது அரசனின் கணக்கெடுப்பு. மற்றதில், மறக்கப்பட்டவளாக இருக்கக்கூடாதா என்ற விருப்பமே அவருடைய வாயில் வருகிறது. கணக்கும் மறதியும்: என் சஞ்சலத்தின் இரண்டு முனைகளும் இவைதான் என்று நினைக்கிறேன்.

2004 டிசம்பர் 25 சனிக்கிழமை. 26 ஞாயிற்றுக்கிழமை, அதோடு பௌர்ணமிப் போயா. பாடசாலை இல்லை, அலுவலகம் இல்லை, நத்தாரும் போயாவும் அடுத்தடுத்து வந்ததால் நாடே இடம்பெயர்ந்து கிடந்தது. உள்ளே தள்ளிய ஊர்களில் இருந்தவர்கள் கரைக்கு வந்திருந்தார்கள், கரையில் இருந்தவர்கள் உறவு வீடுகளில் இருந்தார்கள். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது, அன்றைய எங்கள் நேரத்தில் காலை 6.58க்கு. இரண்டு மணித்தியாலத்துக்குள் கிழக்குக் கரைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. விடுமுறை நாளின் அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதை இந்தப் பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. பெண்கள் அடுப்படியில், பிள்ளைகள் பாயிலும் முற்றத்திலும், விருந்துக்கு வந்த வயதானவர்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாவட்டங்களுக்குள் மிகப் பெரிய இழப்பு அம்பாறைக்கு, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோர வட்டாரங்கள் அத்திவாரத்தோடு போயின. இந்த எண்களை எல்லோரும் அறிவார்கள். நான் கேட்பது எண்ணுக்குள் இருக்கும் ஒரு பிரிவைப் பற்றி. இவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டில் இறந்தார்கள், எத்தனை பேர் மற்றவர் வீட்டில்?

தெற்கில் இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் உண்டு. பெரலியவில் நின்ற 'சமுத்திர தேவி' ரயிலில் இருந்தவர்கள் விடுமுறைப் பயணிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவில், ரயில் பெட்டி பாதுகாப்பு என்று நம்பி அந்த ஊர்க்காரர்களும் ஏறிக்கொண்டார்கள் என்பதால் வந்தவரும் இருந்தவரும் ஒரே பெட்டிக்குள் போனார்கள். யாலவில் கடலோர ஹோட்டல் ஒன்றில் சொனாலி தெரணியகல தன் கணவரோடும் இரண்டு மகன்களோடும் பெற்றோரோடும் தங்கியிருந்தார். லண்டனில் குடியிருந்த பொருளியல் அறிஞர், டிசம்பர் விடுமுறைக்குப் பிறந்த நாட்டுக்கு வந்தவர். ஐந்து பேரும் போய் அவர் மட்டும் மிஞ்சினார். 2013இல் வெளிவந்த 'அலை' என்ற அவருடைய ஆங்கில நூலைப் படித்தவர்கள் அதன் பிற்பகுதியை மறக்க மாட்டார்கள். லண்டன் வீட்டுக்குப் பல ஆண்டுகள் அவரால் திரும்ப முடியவில்லை. கொழும்பில் பெற்றோரின் வீடு வாடகைக்குப் போனபோது, அதில் வேறு குடும்பம் குடியிருப்பதைச் சகிக்க முடியாமல் தவிக்கிறார். வெளியே போன இடத்தில் குடும்பம் போய்விட்டால், திரும்ப வேண்டிய வீடும் போய்விடுகிறது. செங்கல்லும் கூரையும் நின்றாலும் அது வீடில்லை. அவருக்கு எழுதும் வலிமை இருந்தது. ஆகவே ஐந்து பேரின் பெயர்களும் உலகத்துக்குத் தெரியும். எங்கள் கரையில் அப்படி விருந்துக்கு வந்து போனவர்களின் பெயரை எந்தப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை.

சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பையன் இருந்தான், சம்மாந்துறையிலிருந்து மாமி வீட்டுக்கு லீவுக்கு வந்தவன். சம்மாந்துறைக்குத் தண்ணீர் வரவில்லை, அது உள்ளே தள்ளிய ஊர். அவனுடைய உம்மாவும் வாப்பாவும் வீடும் வளவும் அப்படியே இருந்தன. மாமியின் வீட்டோடு அவன் போனான். அவசரமாக ஜனாஸாக்கள் அடக்கப்பட்ட நாட்கள் அவை. கபன் துணி போதாமல் பெண்கள் தங்கள் சீலைகளை எடுத்துக் கொடுத்த நாட்கள். நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் என்ற நபிமொழியை மட்டும் சொல்லிச் சொல்லி ஆண்கள் குழி தோண்டினார்கள். நிவாரணத்துக்குப் பட்டியல் எழுத ஆட்கள் வந்தபோது எழுதியது குடும்ப அட்டையையும் வாக்காளர் இடாப்பையும் கிராம சேவகர் பிரிவையும் வைத்து. பையன் இந்தப் பிரிவில் பதிந்தவன் இல்லை. அவன் பதிந்த பிரிவோ கடல் தொடாத பிரிவு. அவனுடைய பெற்றோர் ஒரு பணத்தையும் எதிர்பார்த்தவர்கள் அல்லர். தங்கள் மகன் சுனாமியில் இறந்தான் என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர்கள் கேட்டது. 2005இல் நாடாளுமன்றம் சுனாமிக்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றியது. உடல் கிடைக்காதவர்களுக்கும் மரணச் சான்றிதழ் பெற அது வழி திறந்தது. நல்ல சட்டம், அவசியமான சட்டம். அதன் வழியே அவனுக்கும் ஒரு காகிதம் பிற்பாடு கிடைத்தது. ஆனால் எங்கள் ஊரில் இறந்தவர்களின் பெயர் வாசிக்கப்படும் இடங்களில் அவன் பெயர் வருவதில்லை, சம்மாந்துறையிலும் வருவதில்லை. அவன் இரண்டு ஊருக்கும் இல்லாமல் போனான். பெரியவர் ஒருவர் அதற்குச் சொன்ன நியாயம், "அவன் நம்மட புள்ள இல்லதானே" என்பது. சொன்னவர் கெட்டவரில்லை. தன் வீட்டில் மூன்று பேரை அடக்கியவர். அவரிடம் கோபிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தச் சொல்லை நான் ஏற்கவும் மாட்டேன்.

பிறகு வந்த ஆண்டுகளில் கரையில் இருந்தவர்கள் எல்லோருமே வெளியூர்க்காரர்களானார்கள். கடலோரத்தில் வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது, தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்று அரசு கோடு போட்டது. ஒரே கடல், ஒரே அலை. தூரம் மட்டும் ஏன் இரட்டிப்பு என்பதற்கு எங்கள் ஆட்களுக்கு விளங்கும்படி யாரும் பதில் சொல்லவில்லை. கூடாரத்திலும் பலகைக் குடிலிலும் பிள்ளைகள் பெருகினார்கள். பாலமுனைக்குத் தெற்கே அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், கட்டி முடித்த வீடுகள் ஆண்டுக்கணக்காக ஆளில்லாமல் காடு பற்றிக் கிடந்தன. கிடைத்த வீடுகளிலும் இன்னொரு சேதம் நடந்தது, அதைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் பெண்கள் அமைப்புகள்தான். போன வீடு பெண்ணின் பெயரில் இருந்தது. வந்த வீடு 'குடும்பத் தலைவர்' என்று படிவத்தில் எழுதப்பட்ட ஆணின் பெயரில் வந்தது. அகுஸ்துவின் கணக்கெடுப்பு யோசேப்பின் ஊரைத்தான் கேட்டது, மர்யமின் ஊரைக் கேட்கவில்லை. படிவம் எழுதுகிறவனின் கண்ணில் வீடு என்பது எப்போதும் ஆணுடையது போலும். தலைமுறை தலைமுறையாகத் தன் வளவில் நின்ற பெண், புதிய வீட்டுத் திட்டத்தில் தன் வீட்டிலேயே விருந்தாளி. மகளுக்குச் சீதனம் கொடுக்க வேண்டிய உறுதி கணவனின் பெயரில் இருப்பதால் நடந்த பிணக்குகள் எத்தனை குடும்பங்களில் என்று இந்தப் பக்கத்துக் காழிமார்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது டிசம்பரில் லண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அங்கே நத்தாருக்குத்தான் பாடசாலை மூடுகிறது, ஆகவே அவர்களுடைய ஊர்வருகையும் நத்தாரின் கையில். மூத்தம்மாவின் மடியில் இருந்து, விளங்காத தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். மாரிக் கடலைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். டிசம்பர் 26 காலை 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம். அந்த நேரத்தில் கடற்கரைக்குப் போகாதீர்கள் என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆனாலும் வளர்ந்தவர்கள் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் வளவுக்குள் திருப்பி எடுத்துவிடுவார்கள். நான் அந்த நாளில் பாலமுனையில் இருக்க வேண்டுமா, சாய்ந்தமருதில் இருக்க வேண்டுமா என்று ஒவ்வொரு ஆண்டும் தடுமாறுகிறேன். பிள்ளைகளோடு இருப்பது கடமை. உம்மாவோடு இருப்பதும் கடமை. எங்கே இருந்தாலும் மற்றது குறைகிறது. பெரும்பாலும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு உம்மாவிடம் போகிறேன். அங்கே போனால் அந்த ஒழுங்கையின் முனையில் வெறும் வளவாகக் கிடக்கும், அந்தப் பையனுடைய மாமியின் நிலத்தைக் கடந்துதான் போக வேண்டும்.

மையவாடிகளில் மீசான் கட்டைகளில் பெயர் பொறிக்கும் வழக்கம் எங்களிடம் அதிகமில்லை. பொறிக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. நான் கேட்பது ஒரு கொப்பி. மருதமுனை முதல் பொத்துவில் வரை ஒவ்வொரு ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகமும், கோயில் நிர்வாகமும், தேவாலயமும் அந்த டிசம்பரில் தங்கள் ஊருக்கு விருந்தாளியாக வந்து இறந்தவர்களின் பெயரையும், யார் வீட்டுக்கு வந்தார்கள் என்பதையும், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். சொந்த ஊர்க்காரர்களின் பட்டியலுக்குக் கீழே தனியாக ஒட்டாமல் அதே பட்டியலுக்குள் எழுத வேண்டும். அன்று விருந்து கொடுத்தவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. பெயர்கள் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. இந்த விடுமுறைக்கு நீங்கள் எந்த ஊருக்குப் போகிறீர்களோ, அந்த ஊரில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.